சத்தத்துக்கு முன்னால பாருங்க: மட்டக்களப்பில நிண்டு பிளேன் அடையாளம் பிடிக்கிற விதம்

என்ட அம்மாவுக்கு ஒரு பிளேனோட பேரையும் எழுதத் தெரியாது. ஆனா தொண்ணூறுகள்ல குசினிக்குள்ள இருந்து மீன் ஆய்ஞ்சுகொண்டே, தலையக் கூட நிமித்தாம, "இது ஹெலி, தூரத்தால போகுது, ஒண்டுமில்ல" எண்டும் "இது பொம்பர், புள்ளையள் உள்ள வாங்க" எண்டும் சத்தத்த மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்லிப்போடுவா. நம்மட பக்கத்தில அந்தக் காலத்து ஆக்கள் முக்காவாசிப் பேருக்கு இந்த வித்தை தெரியும், ஆரும் படிப்பிச்சதில்ல, பங்கருக்குள்ள குந்திக்கொண்டு பழகினது.

எனக்கு அது வரல்ல. மூணு வருசத்துக்கு முன்ன அக்காட மகன், அப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு, கல்லடிக் கடற்கரையில வச்சு மேல காட்டி "மாமா அது என்ன பிளேன்" எண்டு கேட்டான், நான் "பெரிய பிளேன் மனே" எண்டு சொன்னன். அவன் என்னப் பாத்த பார்வை இருக்கே. அண்டைக்குத் தொடங்கினதுதான், இப்ப நானும் அவனும் பத்துக்கு ஏழு சரியாச் சொல்லுவம். பெரிய செலவும் இல்ல, இங்கிலீசும் பெருசாத் தேவையில்ல, நாங்க பழகின ஒழுங்கிலயே சொல்றன்.

முதல்ல எங்க பாக்கிறது

எல்லாரும் விடுற பிழை இதுதான்: சத்தம் வாற இடத்தப் பாக்கிறது. அங்க பிளேன் இருக்காது. உசரத்தில போற பயணிகள் பிளேன் சுமார் 35,000 அடியில போகும், அது கிட்டத்தட்ட 10.7 கிலோமீற்றர். அவ்வளவு மேல இருந்து சத்தம் நம்மட காதுக்கு வர அரை நிமிசத்துக்கு மேல எடுக்கும், அதுக்குள்ள மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில ஓடுற சாமான் எட்டு கிலோமீற்றர் அங்கால போயிரும், அதாவது நம்மட டவுணில இருந்து ஆரையம்பதிக்குப் போற தூரம் அளவு எண்டு வைங்களன். அதனால சத்தம் கேட்ட உடன அது எந்தப் பக்கம் நகருது எண்டு பிடிச்சு, அந்தப் போக்கில நல்லா முன்னால தள்ளித் தேடுங்க. இத ஒண்டப் பழகினாலே பாதி வேலை முடிஞ்சுது.

நம்மட வானத்தில பொதுவா மேற்கால இருந்து கிழக்கால, இல்லாட்டி அதுக்கு எதிரா, இப்பிடித்தான் போக்குவரத்து. கட்டுநாயக்க எயார்போட்டில எழும்பி பாங்கொக், கோலாலம்பூர், சிங்கப்பூர் போறதுகள் தீவ விட்டு வெளியால போறது நம்மட கரைக்கு மேலாலதான், மட்டக்களப்பில இருந்து பொத்துவில் வரைக்குள்ள எங்கயோ ஒரு இடத்தால கடலுக்கு மேல போகும். அதுகளுக்கும் மேலால வளைகுடா நாடுகள்ல இருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போற பெரிசுகள் வேற.

வெளிச்சம் முக்கியம். சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கோணும், இல்லாட்டி எல்லாம் கறுப்புக் குருவிதான். காலமையில கடற்கரையில நிண்டு கடலப் பாத்தா கண்ணுதான் கூசும், அதனால காலமை எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்குக் கரை) நிண்டு வாவிப் பக்கமாப் பாருங்க, பின்னேரம் கடற்கரைக்குப் போய்க் கடலப் பாருங்க. பின்னேரம் நாலரைக்குப் பிறகு மேற்குச் சூரியன் அடியில பட்டு பிளேன்ட வயிறெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும், வால்ல இருக்கிற நிறம் கூடத் தெரியும். வாவிக்கு மேற்கால படுவான்கரை வயல் வட்டைக்குள்ள நிண்டா இன்னும் நல்லம், மரம் கட்டடம் ஒண்டும் மறைக்காது, அடிவானம் வரைக்கும் முழுசாத் தெரியும்.

நாலு விசயம்: செட்டை, என்ஜின், உடம்பு, வால்

ரெண்டாம் உலக யுத்தத்தில பிளேன் பாக்கப் படிப்பிச்ச ஆக்களே இந்த வரிசையிலதான் படிப்பிச்சவங்க. பேரப் பாடமாக்கத் தொடங்காதீங்க, நான் அப்பிடித் தொடங்கி ரெண்டு மாசம் வீணாப்போச்சு. முதல்ல செட்டை. உடம்புக்கு மேல பொருத்தியிருக்கா கீழ பொருத்தியிருக்கா? மேல எண்டா அனேகமா காத்தாடி (புரொப்பெல்லர்) சுத்துற பிளேன், இல்லாட்டி சாமான் ஏத்துறது. காரணம் லேசு, செட்டை மேல இருந்தா உடம்பு நிலத்துக்குக் கிட்ட இருக்கும், சாமான் ஏத்தி இறக்கச் சுகம், காத்தாடியும் கல்லு மண்ணுல அடிபடாது, மோசமான ரன்வேயிலயும் இறங்கலாம். பயணிகள் ஜெட் அனேகமா எல்லாத்துக்கும் செட்டை கீழதான், பெரும்பாலும் அதுலதான் என்ஜின் தொங்கும். மறுகா செட்டை நேராப் போகுதா, பின்னால சாய்ஞ்சிருக்கா, இல்லாட்டி முக்கோணமா? நேர் எண்டா மெதுவாப் போறது, சாய்வு எண்டா வேகம், முக்கோணம் எண்டா சண்டை பிளேன், இல்லாட்டி கொன்கோர்ட். (கொன்கோர்ட் 2003ல ஓய்வுக்குப் போயிட்டுது, சத்தத்தின்ட வேகத்தப் போல ரெண்டு மடங்கு ஓடினது, மொத்தமே 20தான் கட்டினவங்க, நாம பாக்க இனி வழியில்ல.)

என்ஜின் எத்தின, எங்க இருக்கு. உடம்பு தடிப்பா மெல்லிசா. வால் சாதாரணமா, இல்லாட்டி படுத்த செட்டை வாலுக்கு உச்சியில ஏறி இருக்கா. இவ்வளவும்தான். இந்த நாலுக்கும் விடை சொல்லிப்போட்டா பேரு தானா வரும்.

உசரத்தில போறதுகள்

உசரத்தில போறதுக்கு முதல் அடையாளம் பின்னால விடுற வெள்ளைக் கோடு. நம்மட ஆக்கள் புகை எண்டுதான் சொல்றது, ஆனா அது என்ஜினில இருந்து வாற நீராவி குளிர்ல உறைஞ்சு பனித்தூளாகிறது, மேல மைனஸ் 40 பாகை அளவுக்குக் குளிர் இருந்தாத்தான் வரும், காத்துல ஈரமும் இருக்கோணும். அதனாலதான் ஒரு நாளைக்கு வானம் பூரா கோடு கீறி இருக்கும், அடுத்த நாள் அதே பிளேன் கோடு இல்லாமப் போகும். கோட்ட எண்ணுங்க. ரெண்டு எண்டா ரெண்டு என்ஜின், நாலு எண்டா நாலு. பிளேன்ட வாலுக்குக் கிட்ட எண்ணோணும், தள்ளிப் போகப் போக நாலும் ரெண்டு ரெண்டாச் சேந்திரும்.

நாலு கோடு இப்ப குறைஞ்சுபோச்சு. நாலு என்ஜின் பயணிகள் பிளேன் எண்டா மூணு இனம்தான் மனசில வைக்கோணும்: எயார்பஸ் ஏ380, போயிங் 747, எயார்பஸ் ஏ340. ஏ340 ஒரு காலம் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிட்டயே இருந்தது, உடம்பு ஈர்க்கு மாதிரி மெல்லிசா நீளமா இருக்கும். 747தான் நிசமான ஜம்போ, நம்மட ஊர்ல பெரிய பிளேன் எல்லாத்தையும் ஜம்போ எண்டு சொல்றது வேற கதை. முன்பக்கம் மட்டும் மாடி வச்ச வீடு மாதிரி ஒரு திமில் இருக்கும், அத ஒருக்காப் பாத்தா மறக்கமாட்டீங்க. 1969 பெப்ரவரி 9ல முதல் பறந்தது, 2023ல கடைசியக் குடுத்து முடிக்கக்குள்ள கணக்கு 1,574. ஏ380 முழு நீளத்துக்கும் ரெண்டு தட்டு, செட்டையோட அகலம் கிட்டத்தட்ட 80 மீற்றர், 2007ல சிங்கப்பூர் எயார்லைன்ஸ் முதல்ல ஓட்டினது, மொத்தம் 251 கட்டினதோட நிப்பாட்டிப்போட்டாங்க. கீழ இருந்து பாத்தா செட்டை உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு அகலமாத் தெரியும், பருந்து செட்டைய விரிச்சு நிக்கிற மாதிரி. எமிரேட்ஸ்ட எண்டா வயித்தில சிவப்பில பெரிய எழுத்து இருக்கும், பைனாகுலர் இருந்தா வாசிக்கலாம்.

ரெண்டு என்ஜின் காரங்கள உசரத்தில வச்சுப் பிரிக்கிறது கஷ்டம், நானே இன்னும் தடுமாறுறன். அதுகளப் பழக நல்ல இடம் கட்டுநாயக்க. மிடில் ஈஸ்ட் போற சொந்தக்காரர ஏத்திவிட எப்பிடியும் வருசத்துக்கு ரெண்டு தரம் வான் பிடிச்சுப் போறம்தானே, பயணம் அனுப்பிப்போட்டு அழுதுகொண்டு நிக்கிற ஆக்கள விட்டுட்டு ஒரு அரை மணித்தியாலம் இறங்கி வாறதுகளப் பாருங்க. (என்ட மச்சாள் இத இன்னும் மன்னிக்கல்ல.) அங்கத்த ரன்வேக்கு 04, 22 எண்டு பேர், அது திசைகாட்டிப் பாகை, ஒரு பூச்சியம் சேத்தா 40 பாகையும் 220 பாகையும். காத்து எந்தப் பக்கத்தால வருதோ அத எதிர்த்துத்தான் இறங்கும், அதனால தென்மேற்குக் காத்துக் காலத்தில அனேகமா 22ல இறங்கும் எண்டு நீங்களே கணக்குப் போடலாம்.

கட்டாயம் பிரிக்கத் தெரிய வேண்டியது எயார்பஸ் ஏ320ம் போயிங் 737ம்தான், உலகத்தில அதிகம் ஓடுறது இந்த ரெண்டு குடும்பமும். ஸ்ரீலங்கன்ட சின்னதுகளும் இண்டிகோவும் ஏ320 குடும்பம், ஃப்ளைதுபாய் 737. முதல்ல வாலடியப் பாருங்க: 737க்கு வால் தொடங்குற இடத்தில முதுகில இருந்து ஒரு சரிவு எழும்பி மறுகாத்தான் வால் நிமிரும், ஏ320க்கு அப்பிடி இல்லாம நேரா நிமிரும். மறுகா மூக்கு, 737க்குக் கூர், ஏ320க்கு உருண்டை. எல்லாத்தையும் விடச் சுகமான அடையாளம் அடிவயிறு. 737ன்ட பெரிய சில்லுகளுக்கு மூடி கிடையாது, உள்ள இழுத்த பிறகும் வயித்தில ரெண்டு கறுப்பு வட்டம் தெரியும். அது 1967ல முதல் பறந்த பழைய அமைப்பு, நிலத்துக்குக் கிட்டப் பதிவாக் கட்டினது, பிறகு பெரிய என்ஜின் போடக்குள்ள இடம் காணாம என்ஜின்ட அடிய தட்டையாக்கிப் பொருத்தினாங்க. மக்ஸ் எண்ட புது வகையில இன்னும் பெரிய என்ஜின முன்னுக்குத் தள்ளிப் பொருத்தி, அதால பிளேன் மூக்க உசத்தப் பாக்கும் எண்டு ஒரு கொம்பியூட்டர் ஒழுங்கு வச்சாங்க, அந்த ஒழுங்கு ஒரேயொரு சென்சரின்ட பிழையான அளவ நம்பி மூக்கக் கீழ தள்ளினதாலதான் 2018லயும் 2019லயும் ரெண்டு பிளேன் விழுந்து 346 பேர் செத்தது. பதிவான உடம்புக்குப் பெரிய என்ஜின் எண்ட அந்தப் பழைய பிரச்சினை கண்ணுக்கே தெரியும், அந்தத் தட்டை அடியப் பாக்கிற நேரம் எல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பெரிசுகள்ல ஏ330 நம்மட ஸ்ரீலங்கன்ட, வால்ல மயில் இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலு சில்லு. 777க்கு ஒரு பக்கத்துக்கு ஆறு சில்லு, வால் நுனி உளி மாதிரித் தட்டை, அதுன்ட என்ஜின் வாய் 737ன்ட உடம்பு அகலத்துக்குக் கிட்ட வரும். 787க்குச் செட்டை வில்லு மாதிரி மேல வளையும், என்ஜின்ட பின் விளிம்பு மரம் அரியிற வாள்ப்பல்லு மாதிரி இருக்கும். ஏ350 கண்ணுக்குக் கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி. இவ்வளவும் காணும்.

பதிவாப் போறதுகள்

இதுலதான் நம்மட ஊருக்கெண்டு ஒரு ருசி இருக்கு. மட்டக்களப்பு எயார்போட் திமிலைதீவில, சுத்திவர வாவி. கனகாலம் எயார்ஃபோஸ் கையில இருந்தது, 2018லதான் சிவில் எயார்போட்டாத் திறந்தாங்க. அங்க வந்துபோன பயணிகள் பிளேன்ல நம்மட ஆக்கள் நல்லாக் கண்டது செஸ்னா கரவன், சின்னமன் எயார் ஓட்டினது. மூக்கில ஒரே ஒரு காத்தாடி, செட்டை மேல, செட்டைக்கு முட்டுக் குடுத்த மாதிரி ஒரு கம்பி, சில்லு உள்ள போகாது. அதுலயே இன்னொரு வகைக்கு அடியில ரெண்டு தோணி பூட்டியிருக்கும், அந்தத் தோணிக்குள்ள இருந்து சில்லும் வெளிய வரும், தண்ணியிலயும் இறங்கும் தரையிலயும் இறங்கும். மருமகன் அதுக்கு வச்ச பேர் தோணி பிளேன், அதுவே போதும்.

கரவனப் போலவே முட்டுக் கம்பி, மேல் செட்டை, வெளிய நிக்கிற சில்லு, ஆனா செட்டையில ரெண்டு என்ஜின் எண்டா அது சீனாவில ஹார்பினில செஞ்ச வை-12. எயார்ஃபோஸ்காரங்க பாவிக்கிறது, சின்ன ரன்வேயில இறங்கும். ரெண்டு என்ஜினும் செட்டைக்குக் கீழ இல்லாம மேல ஏறி உக்காந்த மாதிரி இருந்தா அது ஏஎன்-32. ரஷ்யக் காத்தாடி அவ்வளவு பெருசு, கீழ பூட்டினா நிலத்தில முட்டும், அதான் மேல. வெக்கைக்கும் மலைக்கும் எண்டு இந்தியன் எயார்ஃபோஸ் கேட்டுச் செய்விச்ச பிளேன் அது, நம்மட நாட்டுக்குத் தொண்ணூறுகள்ல வந்தது. நாலு காத்தாடி, தடிச்ச உடம்பு, வால்ப்பக்கம் அடியில இருந்து மேல வளைஞ்சு போனா சி-130 ஹேர்குலிஸ், 1954ல முதல் பறந்தது, இப்பவும் புதுசு புதுசாக் கட்டுறாங்க எண்டா பாருங்களன். அதுன்ட சத்தம் தனி, ஒரே சுருதியில முனகிக்கொண்டு வரும், யன்னல் கண்ணாடி மெல்லிசா அதிரும்.

யாழ்ப்பாணம் பலாலியால சென்னைக்குப் போன ஆக்கள் ஏறியிருப்பீங்க, அது ஏடிஆர் 72. மேல் செட்டை, ரெண்டு காத்தாடி, ஒவ்வொண்டுக்கும் ஆறு இலை, படுத்த செட்டை வால் உச்சியில. முதல் சொன்ன அந்த நாலு கேள்விய இதுல வச்சுப் போட்டுப் பாருங்க, வேற எதோடயும் மாறாது.

ஹெலிக்குக் கண்ணவிடக் காதுதான் கெட்டி. பெல் 212க்கு மேல சுத்துற இலை ரெண்டே ரெண்டு, அகலமானது, அதனாலதான் "டப் டப் டப் டப்" எண்டு காத்தில அறையிற மாதிரி தூரத்திலேயே கேட்கும். பெல் 412 அதே உடம்பு மாதிரித்தான், ஆனா நாலு இலை, சத்தம் நெருங்கி மெதுவாகிப்போகும். எம்ஐ-17க்கு அஞ்சு இலை, அறையாது, உறுமும். கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்கு வந்தா காலப் பாருங்க: பெல்லுக்குச் சறுக்குக் கட்டை, எம்ஐ-17க்குச் சில்லு, எம்ஐ-24க்குச் சில்லும் உள்ள போகும், பக்கத்தில குட்டிச் செட்டையும் இருக்கும். இத நான் மருமகனுக்கு யூடியூப்பில சத்தம் போட்டுப் போட்டுப் படிப்பிச்சுக்கொண்டு இருந்தன், அம்மா விறாந்தையில வெத்திலை இடிச்சுக்கொண்டு இருந்தவ. பெல் 212 சத்தம் வந்ததும் இடிக்கிறத நிப்பாட்டிப்போட்டா. "அத நிப்பாட்டு மனே" எண்டா, கொஞ்ச நேரம் கழிச்சு "அதுக்கு இலை ரெண்டுதானா, நான் நாலஞ்சு இரிக்கி எண்டெல்லோ நினைச்ச" எண்டா. இப்ப நாங்க இயர்ஃபோன் போட்டுத்தான் கேக்கிறது. வீட்டில வயசான ஆக்கள் இருந்தா நீங்களும் அப்பிடிச் செய்யுங்க.

அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு ஒரு வசதி, உகணயில எயார்ஃபோஸ் தளம் இருக்கு, பரசூட் பயிற்சியும் அங்க நடக்கிறது, அதனால பதிவாச் சுத்துற பிளேனுகள் எங்களவிட உங்களுக்கு அதிகம் அம்பிடும்.

சண்டை பிளேன்

நம்மட வாயில எல்லா ஜெட்டும் கிபிர்தான். உண்மையில கிபிர் எண்டது ஒரு இனம், ஹீப்ரு மொழியில சிங்கக்குட்டி எண்டு அர்த்தம். பிரெஞ்சு மிராஜ் 5ன்ட உடம்பில அமெரிக்க ஜே79 என்ஜினப் பூட்டி இஸ்ரேல்காரன் செஞ்சது, இலங்கைக்கு 1996ல வந்தது. அடையாளம்: பின்னால பெரிய முக்கோணச் செட்டை, முன்னால காத்து உள்ள போற வாய்க்கு மேல ரெண்டு குட்டி முக்கோணம், வால்ல படுத்த செட்டை கிடையாது. முக்கோணமும் இருந்து வால்ல படுத்த செட்டையும் இருந்து, மூக்கே காத்து உறிஞ்சிற ஓட்டையா இருந்தா அது சீனாட எஃப்-7, மிக்-21ன்ட பிள்ளை. மிக்-21 11,000த்துக்கு மேல கட்டுப்பட்டது, இந்தியா 2025 செப்டம்பர்லதான் கடைசியா ஓய்வு குடுத்தது. பறக்கக்குள்ளயே செட்டைய முன்னுக்குப் பின்னுக்கு மடக்கிறது மிக்-27, அதுவும் 2000ல இங்க வந்தது. சின்னதா நேர்ச் செட்டையோட ரெண்டு பேர் முன்னுக்குப் பின்னுக்கு இருந்து ஓட்டுற பயிற்சி ஜெட் கே-8. யுத்த காலத்தில பொம்பர் எண்டு சொன்னதுல ஒண்டு இத்தாலிக்காரன்ட சியாய் மார்ச்செற்றி, மூக்கில காத்தாடி உள்ள சின்னப் பயிற்சி பிளேன், வடக்கில சில ஆக்கள் சியாமாசெட்டி எண்டுதான் சொல்றது, ஏதோ ஒரு செட்டியார்ட பேர் மாதிரி. வன்னி ஆக்கள் ஆளில்லாத உளவு பிளேனுக்கு வண்டு எண்டு பேர் வச்சதும் சத்தத்த வச்சுத்தான்.

இந்தியப் படம் பாக்கிற ஆக்களுக்கு: கிபிர் மாதிரியே முன்னால குட்டிச் செட்டை, ஆனா ரெண்டு என்ஜின், நிமிர்ந்த வால் ஒண்டு எண்டா ரஃபால். குட்டிச் செட்டையும் இல்ல வால்ச் செட்டையும் இல்ல, வெறும் முக்கோணம், ஒரு என்ஜின் எண்டா தேஜஸ், இல்லாட்டி மிராஜ் 2000. ரெண்டு நிமிர்ந்த வால், பெரிய உடம்பு எண்டா சுகோய் 30. வங்காள விரிகுடாவில கடலக் காவல் பாக்கிற இந்திய நேவிட பி-8ஐயும் தெரிஞ்சு வைங்க, அரக்கோணத்தில இருந்து எழும்புறது. பாத்தா 737 எண்டுதான் நினைப்பீங்க, அதே உடம்புதான், ஆனா வரிசையா ஜன்னல் இருக்காது, செட்டை நுனி மேல மடியாம பின்னால சரிஞ்சு கூராப் போகும்.

கடலுக்கடியில கிடக்கிற பாடம்

பிளேன் அடையாளம் எண்டு கதைச்சா நம்மட ஊர்ல ஹேர்மிஸ விட்டுட்டுப் போக ஏலாது. பிளேன் ஏத்துற கப்பல் எண்டே வரைஞ்சு கட்டத் தொடங்கின முதல் கப்பல் அது, பிரிட்டிஷ்காரன்ட. 1942 ஏப்ரல் 9 காலமை திருகோணமலையில இருந்து தெற்கால ஓடி வந்து மட்டக்களப்புக்கு நேர கடல்ல வச்சு ஜப்பான்காரன்ட பிளேனுகளிட்ட மாட்டிச்சு. கொடுமை என்னெண்டா, பிளேன் ஏத்துற கப்பல்ல அண்டைக்கு ஒரு பிளேனும் இல்ல, அதுன்ட சுவோர்ட்ஃபிஷ் பிளேனுகள் எல்லாம் கரையில நிண்டுது. 307 பேர் செத்தாங்க, கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் போச்சு. இப்பவும் ஐம்பது மீற்றருக்கு மேல ஆழத்தில கிடக்கு, சுழியோடிகள் போய்ப் பாத்திட்டு வாறாங்க.

குண்டு போட்டது ஐச்சி டி3ஏ. அதுன்ட அடையாளம் நம்மட நாலு கேள்வியிலயே வரும்: செட்டை கீழ, நுனி உருண்டை, மூக்கில ஒரு காத்தாடி, சில்லு உள்ள இழுபடாது, சில்லுக்குச் சப்பாத்து மாதிரி உறை போட்டிருக்கும். அதே படையில வந்த ஸீரோ எண்ட சண்டை பிளேனுக்குச் சில்லு உள்ள போயிரும், தூரத்தில ரெண்டையும் பிரிக்கிறது அந்தச் சப்பாத்து ஒண்டுதான். கூட்டுப்படைக்காரன் ஜப்பான் குண்டு பிளேனுகளுக்குப் பொம்பிளைப் பேரும் சண்டை பிளேனுகளுக்கு ஆம்பிளைப் பேரும் வச்சான், வாயில வராத ஜப்பான் பேரச் சொல்லிக் குழம்பாம இருக்க. டி3ஏக்கு வச்ச பேர் "வால்". நம்மட வால் இல்ல, அது ஒரு பொம்பிளைட சுருக்கப் பேர். மருமகன் இதுக்கு அரை மணித்தியாலம் சிரிச்சான். ஹேர்மிஸ் தாழுறதுக்கு அஞ்சு நாளைக்கு முன்ன, ஏப்ரல் 4, கொக்கலையில இருந்து எழும்பின கற்றலினா எண்ட தண்ணி பிளேன்ல போன கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சோல்தான் அந்த ஜப்பான் கப்பல் கூட்டத்த முதல்ல கண்டு செய்தி அனுப்பினவர், அனுப்பி முடிக்க முன்ன சுட்டு விழுத்திப்போட்டாங்க, உயிரோட பிடிபட்டார்.

சாமான், அப், கவனம்

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர்) போதும், 10க்கு மேல பெருக்கம் எண்டா கை நடுங்கி ஒண்டும் தெரியாது. போன்ல ஃப்ளைட்ரேடார்24 எண்ட அப் போடுங்க, பிளேனுகள் தங்கட இடம், உசரம், வேகத்த 1090 மெகாஹேர்ட்ஸில சொல்லிக்கொண்டே போகும், அத ஆக்கள் வீட்டில வச்சிருக்கிற ரிசீவரால பிடிச்சு மப்பில போடுறது. ஆனா ஒரு ஒழுங்கு வச்சிருக்கம் நாங்க: முதல்ல கண்ணால பாத்து வாயால சொல்லிப்போட்டுத்தான் அந்த அப்பைத் திறக்கிறது. முதலே திறந்தா ஒரு நாளும் பழகமாட்டீங்க. ராணுவப் பிளேன் கனக்க அதுல தெரியாது, அப்பில இல்லாத ஒண்டு தலைக்கு மேல போனாலே அதுவும் ஒரு துப்புத்தான். பதிவு எழுத்தப் பாத்தா நாடு தெரியும்: 4ஆர் எண்டா இலங்கை, விடி இந்தியா, ஏ6 ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஏ7 கத்தார், 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா.

ராவில எண்டா லைட். இடப்பக்கச் செட்டையில சிவப்பு, வலப்பக்கம் பச்சை, வாலில வெள்ளை. சிவப்பும் பச்சையும் ஒண்டாத் தெரிஞ்சா உங்களுக்கு நேர வருது, சிவப்பு மட்டும் தெரிஞ்சா உங்களுக்கு இடக்கைப் பக்கமாக் குறுக்கால போகுது. மினுங்காம ஒரே சீரா ஓடினா அது பிளேன் இல்ல, செய்மதி.

ஒரு விசயம் மட்டும் கவனம். எயார்போட் வேலிக்குக் கிட்டப் போய், ஆமிக் காம்புக்குக் கிட்டப் போய்ப் படம் எடுக்காதீங்க, அங்க நிக்கிற ஆளுக்கு உங்கட ஆசை விளங்காது. ஒருக்கா வீதியோரம் பைனாகுலரோட நிண்டதுக்கே எனக்கும் மருமகனுக்கும் முக்கால் மணித்தியாலம் விசாரணை, பொடியன் கொப்பியத் திறந்து காட்டினதுக்குப் பிறகுதான் சிரிச்சுக்கொண்டு விட்டாங்க. ட்ரோன் விடுறதுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைட அனுமதி வேணும், எயார்போட் பக்கத்தில நினைச்சும் பாக்காதீங்க. வாவிக்கரை, கடற்கரை, வட்டை, இதுகள் காணும்.

கொப்பி எண்டு சொன்னன்தானே, அது கட்டாயம் வைங்க. திகதி, நேரம், எந்தப் பக்கத்தால எந்தப் பக்கம், அந்த நாலுக்கும் விடை, சத்தம் எப்பிடி, கடைசியா நீங்க நினைக்கிற பேர். அப் சொன்ன பேர வேற நிறப் பேனையில எழுதுங்க. எங்கட கொப்பியில ஆகக் கூடின பிழை ஏ330ஐ 777 எண்டு எழுதினது, பதினொரு தரம். போன செவ்வாய் விடியப்புறம் நாலரைக்கு வாவிக்கு மேலால பதிவா ஒண்டு போனது, லைட்டும் சரியாத் தெரியல்ல, அப்பிலயும் இல்ல, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருமகன் சி-130 எண்டு எழுதியிருக்கான். நான் பக்கத்தில ஏஎன்-32 எண்டு எழுதிக் கேள்விக்குறி போட்டு வச்சிருக்கன்.